கம்பியில் எது தட்டியது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்வாள், அப்புறம் பேச்சு சாப்பாட்டுக்கும் தலைவலிக்கும் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

"திரும்பப் புத்தகத்தைத் தொடவே மனசு வரலப்பா, அந்த ஆர்வத்தை எங்கே போய்த் தேடறது?" என்று கேட்டாய். சி.ஏ. ஃபைனலில் ஒவ்வொரு தாளிலும் நாற்பதைத் தாண்டிவிட்டு, மூன்று தாளும் சேர்த்து 150 வராமல் குரூப் கைவிட்டுப் போனால் யாருக்குத்தான் மனசு வரும்? ஒரு தாளில் விழுந்திருந்தால் அந்தத் தாளையாவது திட்டலாம். ஒன்றில் அறுபது வந்திருந்தால் அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம் என்ற எக்ஸெம்ப்ஷனாவது மிஞ்சியிருக்கும். இதில் எதைத் திட்டுவது என்றே தெரியாது. உன் சோர்வுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆர்வத்தைத் தேடாதே. முதலில் இது எந்த வகைத் தோல்வி என்று கண்டுபிடி. என் பதில் அவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம். வாத்தியார் என்றால் விளக்கம் இருக்கும், பொறுத்துக்கொள்.

கழுத்தில் விசிலோடு காலமெல்லாம் மைதானத்தில் நின்றவன் நான். "மனசு வரல சார்" என்று ஒதுங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆர்வம் குறைவாக இருந்ததில்லை. நாளைக் காலை வந்தால் எதைச் செய்வது என்று தெரியாமல் இருந்தது. அது தெரிந்த பிள்ளை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது ஆறு மணிக்கு வந்து நிற்கும். ஆர்வம் ஏழு மணிக்கு மேல் தானாக வரும். சில நாள் வராது. வராத நாளிலும் அன்றைய பயிற்சி நடந்திருக்கும்.

உயரம் தாண்டுதலை எடுத்துக்கொள். எனக்குப் பிடித்த விளையாட்டு அது, காரணம் விசித்திரமானது. அதில் ஏறக்குறைய எல்லோருமே தோற்றுத்தான் வெளியே வருவார்கள், முதல் பரிசுக்காரர் உட்பட. கடைசி எதிராளி போன பிறகும் கம்பியை ஏற்றி ஏற்றி வைப்பார்கள். அவரும் மூன்று முறை தட்டினால்தான் போட்டி முடியும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்ஷிமும் தம்பேரியும் 2.37 மீட்டர் தாண்டித் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்களே, அதற்கு முன்னால் இரண்டு பேருமே 2.39-ல் மூன்று முறையும் தட்டியவர்கள்தான்.

ஆகவே கம்பி விழுந்ததா என்று நான் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. எது தட்டியது என்று கேட்பேன். இடுப்பா, குதிகாலா, கையா? இடுப்பு தட்டினால் பல சமயம் கம்பிக்கு மிக அருகில் வந்து எம்பியிருப்பார்கள். ஓடத் தொடங்கும் குறியைப் பின்னால் தள்ள வேண்டும். குதிகால் மட்டும் தட்டினால் தாண்டல் சரிதான், மேலே போன பிறகு காலைத் தூக்குவதில் சோம்பல். இரண்டிலும் கம்பி ஒரே மாதிரிதான் கீழே விழும், மதிப்பெண் பட்டியலிலும் ஒரே பெருக்கல் குறிதான் போடுவார்கள். மறுநாள் பயிற்சி மட்டும் வேறு வேறு. குதிகால் தட்டிய பிள்ளையின் ஓட்டத்தை மாற்றினால் இருந்த தாண்டலும் கெட்டுப்போகும்.

நம்ம ஊர்க்காரர், கிரிக்கெட் வீரர் நடராஜனையே பார். சின்னப்பம்பட்டி நமக்கு எவ்வளவு தூரம்? 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம், கல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக. அந்த ஆட்டத்திலேயே பந்தை எறிகிறார் என்று சந்தேகம் எழுப்பிப் புகார் போய்விட்டது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. இது இடுப்பு தட்டிய வகை. அதே மாதிரி இன்னும் ஆயிரம் பந்து போட்டாலும் தவறுதான் இறுகும். அவர் பந்துவீசும் முறையையே பிரித்துப் போட்டு மறுபடி கோர்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்காகத் திரும்ப ரஞ்சி ஆட ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தைப் பற்றி எந்த வீடியோவும் இல்லை, கவனித்தாயா? வாட்ஸ்அப்பில் உன் சித்தப்பா அனுப்புவதெல்லாம் பிரிஸ்பேனில் அவர் விக்கெட் எடுத்த காட்சிதான்.

ஆனால் ஒன்றை அவர் விட்டுவிடவில்லை. டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய யார்க்கரை, மட்டையாளரின் காலடியில் விழும் பந்தை. கையைத் திருத்தினார், யார்க்கரை வைத்துக்கொண்டார். அதை வைத்துத்தான் 2017 ஐ.பி.எல். ஏலத்தில் மூன்று கோடிக்குப் போனார். அந்த சீசன் சரியாக அமையவில்லை. அடுத்த இரண்டு சீசன்கள் வேறொரு அணியில் ஓர் ஆட்டம்கூடத் தரப்படாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். 2020-ல் அதே அணிக்கு ஆடி 16 விக்கெட் எடுத்தார். அந்த வருடக் கடைசியில் வலைப்பயிற்சிக்குப் பந்து போடுபவராக ஆஸ்திரேலியா போனவர், ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகமாகிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். வலைப்பயிற்சிக்குக் கூப்பிட்டபோது "இவ்வளவுதானா" என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கப்போவதில்லை, அது உன் சித்தப்பாவின் வேலை. திருத்த வேண்டியது எது, தொடக் கூடாதது எது என்று பிரித்துப் பார்க்க அவருக்கும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இதற்கு நேர்மாறானது பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் கதை. 2016 ரியோ ஒலிம்பிக். எடையைத் தோள்வரை தூக்கி, பிறகு தலைக்கு மேல் உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் போச்சு. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் ஒன்றுதான் தேறியிருந்தது. பெயருக்கு நேரே எடை எழுதவில்லை, போட்டியை முடிக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். கடைசி இடம்கூடக் கிடையாது. யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும்.

இப்போது கணக்கைப் பார், நீ கணக்குக்காரிதானே. ரியோவுக்கு முன் தகுதிப் போட்டியில் அந்தப் பெண் தூக்கியது மொத்தம் 192 கிலோ. ரியோவில் அந்தப் பிரிவில் வெள்ளி வாங்கிய இந்தோனேசியப் பெண் தூக்கியதும் 192 கிலோதான். அடுத்த வருடம், 2017-ல், அமெரிக்காவின் அனஹைமில் மீராபாய் உலக சாம்பியன் ஆனார். எத்தனை கிலோ? 194. போட்டியை முடிக்காதவர் என்பதற்கும் உலக சாம்பியன் என்பதற்கும் நடுவே தூக்கிய எடையில் கூடியது இரண்டே கிலோ. பலம் முன்பே இருந்தது, அந்த ஒரு நாள்தான் கைகொடுக்கவில்லை. இது குதிகால் வகை. இங்கே வேரோடு பிடுங்கி நட்டிருந்தால் 192-ம் போயிருக்கும்.

அதே மீராபாய்க்குப் பிற்பாடு வேறு மாதிரி வந்தது. முதுகு வலி, அதனால் 2018 ஆசிய விளையாட்டுக்குப் போகவில்லை. தோளில் ஏதோ சரியில்லாமல் ஸ்னாட்ச் தகராறு செய்தது. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்று இருக்கவில்லை. 2020-ல் அமெரிக்கா போய், பளுதூக்குபவர்களின் உடம்பைப் புரிந்த ஒரு நிபுணரிடம் தோளையும் முதுகையும் சரிபார்த்துக்கொண்டார். மறு வருடம் டோக்கியோவில் 202 கிலோ, வெள்ளி. ஒரே ஆள், இரண்டு சறுக்கல், இரண்டுக்கும் வேறு வேறு மருந்து. பாரிஸில் 199 தூக்கி ஒரு கிலோவில் வெண்கலத்தை விட்டதையும் சொல்லிவிடுகிறேன், நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அதற்கடுத்த வருடம் உலகப் போட்டியில் மறுபடி வெள்ளி.

இன்னொரு வகையும் உண்டு, பி.டி. உஷாவுடையது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போனது. கடைசிக் கோட்டில் நெஞ்சை முன்னால் தள்ளவில்லை என்று இன்றைக்கும் ஆள் ஆளுக்குச் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அந்த நூறில் ஒரு பங்கை ஆராய்ச்சி செய்து ஒரு வருடத்தைக் கழிப்பதில் அர்த்தம் இல்லை. அவர் கழிக்கவில்லை. அடுத்த வருடம் ஜகார்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம்.

உன்னுடையது இந்த மூன்றில் எது? எனக்குத் தெரியாது, உனக்கும் இப்போது தெரியாது. தெரியாமலேயே நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். "எனக்கு இந்தப் படிப்பே வராதுப்பா" என்றாயே, அது எல்லாவற்றையும் பிடுங்கிப் போடும் தீர்ப்பு. உன் தோழி "விடுடி, பேட் லக், அடுத்த தடவை பாஸ்" என்கிறாள், அது எதையும் தொடாத தீர்ப்பு. இரண்டு பேரும் விடைத்தாளைப் பார்க்கவில்லை.

அதனால் முதல் வேலை, இன்ஸ்டிட்யூட்டில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம் போடு. ரிசல்ட் வந்த பிறகு கொஞ்ச காலம்தான் அதற்கு அவகாசம் தருகிறார்கள், அதைத் தவறவிடாதே. மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட இல்லை. எங்கே போனது என்று பார்க்க. தெரியாமல் விட்ட கேள்விகளா? தெரிந்தும் நேரம் போதாமல் பாதியில் நின்றவையா? ஆடிட் தாளில் விஷயம் சரியாக எழுதி, அது எந்தத் தணிக்கை விதியில், எந்த ஸ்டாண்டர்டில் வருகிறது என்று சொல்லாமல் விட்டதா? தெரியாமல் போயிருந்தால் உட்கார்ந்து படிக்க வேண்டும், வேறு வழியில்லை. நேரம் போதாதது என்றால் இன்னொரு முறை புத்தகம் முழுவதையும் படிப்பது வீண். கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுதிப் பழக வேண்டும். படித்தால் படித்த திருப்தி இருக்கும், ஆனால் அதே இடத்தில்தான் மறுபடி தட்டும்.

இன்னொன்று. "இவ்வளவு நாள் படிச்சது போதும், இனிமே ஆக வேண்டியதைப் பார்க்கலாம்" என்று அத்தை சொன்னது உன் காதுக்கு வந்திருக்கும். வராமல் இருக்காது. 2013 நவம்பரில் சென்னையில், சொந்த ஊரில், விஸ்வநாதன் ஆனந்த் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் கார்ல்சனிடம் உலகச் செஸ் பட்டத்தை விட்டபோது அவருக்கு 44 நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெறலாமே என்று சொல்லாத ஆள் இல்லை. 2014 மார்ச்சில் உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்க ரஷ்யாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் ஒன்றுகூடத் தோற்காமல் முதலிடம். வீடியோக்காரர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். அந்த வருடக் கடைசியில் சோச்சியில் கார்ல்சனிடம் மறுபடியும் தோற்றார். அதற்குப் பிறகும் ஆடினார், 2017-ல் 48 வயதில் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை, அதாவது குறைந்த நேரத்தில் ஆடும் செஸ் பட்டத்தை, வென்றார். எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் முடிவு செய்தார்.

நீயும் நிறுத்தலாம். இதை நான் சும்மா சொல்லவில்லை. நகலைப் பார்த்து, ஒரு தடவை சரியான பயிற்சி செய்து, அப்புறமும் இது வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு, வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி முடித்த பெண்ணுக்கு வேலையா இல்லை? ஆனால் ரிசல்ட் வந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்காதே. ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இனி ஓட மாட்டேன் என்றுதான் சொல்லும்.

இந்த வாரம் தூங்கு. ஆபீஸ் போய்விட்டு வா, சாயங்காலம் புத்தகத்தை எடுக்காதே. ஆர்வம் வந்ததா என்று தினமும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதே. விண்ணப்பத்தை மட்டும் நாளைக்கே போட்டுவிடு, பணம் வேண்டுமானால் ஜி-பே பண்ணுகிறேன்.

நகல் வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்பு. ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் எனக்கு ஓர் எழுத்தும் புரியாதுதான். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து உன் கையெழுத்து அவசரமாகச் சாயத் தொடங்குகிறது என்று என்னால் பார்த்துச் சொல்ல முடியும்.

அன்புடன்,
அப்பா