சதுரங்கத்துக்கு வாரம் ஒரு பீரியட் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

2013இல் ஆனந்தும் கார்ல்சனும் உலக செஸ் பட்டத்துக்காகச் சென்னையில் மோதியபோதும், 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோதும் பள்ளிகளில் செஸ் பற்றி நிறையப் பேசினோம். போட்டிகளும் நடக்கின்றன. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே, நேரம் எங்கே? காய் எப்படி நகரும் என்று மட்டும் தெரிந்த பிள்ளையைக் குறுவட்டப் போட்டிக்கு அனுப்புகிறோம். காசு கட்டித் தனியாகப் பயிற்சி எடுத்த பிள்ளையிடம் அது பத்து நிமிடத்தில் தோற்றுவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது டீச்சர்" என்று திரும்பி வருகிறது. இப்படி எத்தனை பிள்ளைகளை இழந்திருப்போம்!

போர்டு இல்லை, காய் குறைகிறது என்பார்கள். முதல் சில மாதங்களுக்கு முழு செட்டே தேவையில்லை. என்னிடம் வரும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ராணி கையில் இருந்தும் ஜெயிக்க முடியாமல் தவித்தாள். எதிரில் தனி ராஜாதான். அவசரத்தில் செக் வைக்காமலே அதற்கு நகர இடமில்லாமல் செய்துவிட்டாள். ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. மறுநாளிலிருந்து போர்டில் இரண்டு ராஜா, ஒரு ராணி என மூன்றே காய்கள் வைத்தோம். எதிர் ராஜாவுக்கு இன்னும் எந்தக் கட்டம் மிச்சம் என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே ராணியை நகர்த்த வேண்டும் என்றேன். இப்போது தன் தம்பிக்கு அவளே சொல்லித் தருகிறாள்.

இப்படிச் சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்ட ஆட்டத்திலிருந்து தொடங்குவதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். குகேஷ் பட்டம் வென்ற 14ஆவது ஆட்டத்தை எடுத்துப் பார்க்கட்டும். எதிர்த்து ஆடிய சீனாவின் டிங் லிரென் யானையை எஃப் 2 கட்டத்தில் வைத்துத் தவறினார். யானைகள் வெட்டுப்பட்டன, அடுத்து பிஷப்களும் வெட்டுப்படுவதைத் தடுக்க வழியில்லை. மிஞ்சப்போவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். உலகப் பட்டமே அந்த அடிப்படைப் பாடத்தில்தான் முடிவானது.

ஆர்மீனியா சின்னஞ்சிறு நாடு. 2011 முதல் அங்கே 2, 3, 4ஆம் வகுப்புகளில் செஸ் கட்டாயப் பாடம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் வகுப்பைத் தொடங்கினார்கள். இங்கே நாம் உடற்கல்வி ஆசிரியர் தலையில் இதையும் கட்டிவிட்டு, அவருடைய பீரியடையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறோம். கணக்கு டீச்சரான நானே சொல்கிறேன், அது நியாயமில்லை.

அடுத்த கல்வியாண்டுக்குக் கால அட்டவணை போடும்போது 4 முதல் 8ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு பீரியட் செஸ்ஸுக்கு ஒதுக்க வேண்டும். விருப்பமுள்ள ஆசிரியர் எந்தப் பாடத்தவராக இருந்தாலும், கோடை விடுமுறையிலேயே அவருக்குப் பயிற்சி கொடுக்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்