வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. பேசப்பட்ட நூல்களின் பட்டியலும் வருகைப் பதிவேடும் மேசைமேல் இருக்கின்றன. விரும்புவோர் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வழக்கமான செய்திகளை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். ஏனென்றால், இந்த ஆண்டு விரிவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நம் நூலக உதவியாளர் சமூக ஊடகங்களையும் வேறு சில இணையக் கருவிகளையும் நூலக வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்தார். வட்டம் அவருக்குத் துணை நின்றது. தம் பெயரை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆண்டு முழுவதும் நூலகத்தின் பெயரில் ஊரறிய எழுதியவருக்கு இந்தக் கூச்சம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டபடியே விட்டுவிட்டேன்.

"நூலகத்துக்கு ஒரு முகநூல் பக்கம் வேண்டாமா?" என்று சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் கேட்டதுதான் தொடக்கம். உதவியாளர் உடனே பக்கத்தைத் திறந்துவிடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வாசகர்கள் தம்மிடம் வந்து திரும்பத் திரும்பக் கேட்பதை எழுதத் தொடங்கினார். புதிதாக என்ன வந்திருக்கிறது? நான் சொல்லிவைத்த புத்தகம் திரும்பி வந்துவிட்டதா? நாளைக்குத் திறந்திருக்குமா? தவணையை நீட்டிக்க நேரில்தான் வர வேண்டுமா? இப்படிப் பக்கங்கள் நிரம்பின. அதன் பிறகு எந்தக் கருவியைப் பற்றிப் பேச்சு வந்தாலும், நோட்டில் உள்ள எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லும் என்பதே முதல் விசாரணை. எதற்கும் உதவாதவை அப்போதே கழிக்கப்பட்டன. ஆசைப்பட்டு நான் பரிந்துரைத்த குறும்படத் தொடரும் அப்படித்தான் கழிந்தது.

இதை நாம்தான் முதலில் செய்தோம் என்று மார்தட்டிக்கொள்ள வழியில்லை. 2006-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சார்லட் மெக்லென்பர்க் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக ஒரு பயிற்சியை வகுத்தார். வகுப்பறை கிடையாது, தேர்வும் கிடையாது. இணையத்தில் அவரவரே செய்து பார்க்க வேண்டிய 23 சிறு வேலைகள், அவ்வளவுதான். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. பிற நூலகங்கள் எடுத்தாளவும் அனுமதி இருந்ததால், "23 விஷயங்கள்" என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. உதவியாளர் அதைத் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்ன முதல் செய்தி, அக்காலத்துக் கருவிகள் பல இப்போது இல்லை என்பதுதான். பல இணையதளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய, நூலகர்கள் பெரிதும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. இணைய முகவரிகளைச் சேமித்துவைக்க உதவிய டெலிஷியஸ் 2017-இல் புதிய சேமிப்புகளை நிறுத்தியது. கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019-இல் போய்ச் சேர்ந்தது.

அதைப் பார்த்துத்தான் அவர் ஒரு விதியை வைத்துக்கொண்டார். எந்தச் செய்தியும் முதலில் நூலகத்தின் சொந்த இணையதளத்தில் ஏற வேண்டும்; மற்ற இடங்களில் அதற்கு வழிகாட்டினால் போதும். முகநூல் நாளைக்கே இழுத்து மூடப்பட்டாலும் நம் நூற்பட்டியலும் நேர அட்டவணையும் நம்மிடம் இருக்கும். இந்த ஆண்டின் மிக நல்ல முடிவு இதுவே என்பது என் கருத்து.

இனி கருவிகளுக்கு வருகிறேன். முகநூலில் ஒரு பக்கத்தைப் பின்தொடரும் எல்லோருக்கும் அதன் பதிவுகள் போய்ச் சேர்வதில்லை. யாருக்கு எதை, எப்போது காட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் நிரல்தான் தீர்மானிக்கிறது. இதனால் "நாளை நூலகம் விடுமுறை" என்ற அறிவிப்பைச் சிலர் விடுமுறை கழிந்த பிறகு பார்த்துவிட்டு, திறந்திருந்த நூலகத்துக்கு வராமல் இருந்துவிட்டார்கள். அன்றிலிருந்து "இன்று", "நாளை" என்ற சொற்களுக்கு நூலகப் பதிவுகளில் இடமில்லை. தேதியும் கிழமையும் கட்டாயம்.

அறிவிப்பை அழகான படமாகச் செய்து போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. நம் உறுப்பினர்களில் பார்வையற்றவர் ஒருவர், திறன்பேசியின் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளைக் கொண்டே எல்லாவற்றையும் படிக்கிறார். அந்த மென்பொருள் உதவியாளரின் வண்ண அறிவிப்பைப் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்ததை அவர் கூட்டத்திலேயே ஒலிக்கச் செய்து காட்டினார். அதன் பிறகு படத்தில் உள்ள எழுத்து முழுவதும் பதிவிலும் தட்டச்சு செய்யப்படுகிறது; படத்தில் இருப்பதை அந்த மென்பொருளுக்குச் சொல்லும் மாற்று உரையும் சேர்க்கப்படுகிறது.

வாட்ஸ்அப்பைப் பற்றி நிர்வாகக் குழுவில் பெரிய விவாதமே நடந்தது. குழு தொடங்கினால் ஒருவருடைய எண் மற்ற எல்லோர் கண்ணிலும் படும். காலை வணக்கப் படங்களும் தவறாமல் வந்து குவியும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் என்றால் ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதிலும் நூலகத்தின் எண்ணைத் தம் பேசியில் சேமித்திருப்பவர்களுக்கே செய்தி போகும். 2023-இல் பல நாடுகளுக்கும் வந்த "சேனல்" வசதியில் பின்தொடர்கிறவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. உரையாட வழியில்லை என்று சிலர் குறைப்பட்டாலும், அறிவிப்புக்கு அதுவே பொருத்தம் என்று முடிவாயிற்று. உரையாடத்தான் மாதக் கூட்டம் இருக்கிறதே!

அடுத்துச் சொல்வதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். புதிய வரவுகளைப் பற்றிய ஒரு பதிவின் கீழ் வாசகர் ஒருவர், மனச்சோர்வைப் பற்றித் தாம் கேட்டிருந்த நூல் வந்துவிட்டதா என்று எழுதியிருந்தார். வந்திருந்தது. ஆனாலும் உதவியாளர் அங்கே "வந்துவிட்டது" என்று எழுதவில்லை. அவருக்குத் தனிச்செய்தியில் விவரம் சொல்லிவிட்டு, பொதுவில் இருந்த கேள்வியை நீக்கினார். "வாசகர் கேட்டால் பதில் சொல்லாமல் அழிக்கிறார்களே" என்று நம்மவர்களே இரண்டு பேர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். யார் என்ன படிக்கிறார் என்பது வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையே மட்டும் இருக்க வேண்டிய செய்தி. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இதை எழுதிவைத்தது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லாவின் 2012 நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது. வாசகரே மறந்து வெளியில் சொன்னாலும், நூலகம் அதை உறுதிப்படுத்தக் கூடாது. நிகழ்ச்சிப் படங்களுக்கும் இது பொருந்தும். முகம் தெரியாமல் முதுகுப்புறமாக எடுத்த படத்திலும் கையில் உள்ள நூலின் தலைப்பு தெரிந்தால், கேட்காமல் போடுவதில்லை.

பழைய படங்களைப் பகிர்ந்தது எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன் பழைய படங்களை பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி, மக்கள் சொன்ன விவரங்களைச் சரிபார்த்துத் தன் பதிவேடுகளைத் திருத்தியதைப் படித்துவிட்டு, உதவியாளரும் அலமாரியில் கிடந்த படப்பெட்டியைத் திறந்தார். ஒரு குழுப் படத்தில் இடப்புறமிருந்து மூன்றாவதாக நிற்பவரை இரண்டு குடும்பத்தார் தத்தம் தாத்தா என்றார்கள். இரு தரப்பும் விடவில்லை. பழைய பதிவேடுகளிலும் விடை கிடைக்காததால், படத்தின் பின்புறம் பென்சிலால் "அடையாளம் உறுதியாகவில்லை" என்றே எழுதிவைத்திருக்கிறார். நடுவர் வேலைக்கு என்னை அழைத்தார்கள், மறுத்துவிட்டேன்.

விருப்பக்குறிகளை அதிகம் பெற்ற பதிவு எது என்று கேட்பவர்களுக்கு: திரும்பி வந்த நூல்களுக்குள் அகப்பட்ட பக்க அடையாளங்களின் படம். பஸ் டிக்கெட், காய்ந்த இலை, பாதி போட்ட கணக்கு, ஒரு மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால். கடிதங்களும் அகப்பட்டன, அவை வெளியிடப்படவில்லை.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு வேலையையும் பதிவு செய்கிறேன். ஒவ்வொரு நூலகரும் விக்கிப்பீடியாவில் ஒரு மேற்கோளையாவது சேர்க்க வேண்டும் என்ற இயக்கம் 2016 முதல் நடந்துவருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் "சான்று தேவை" என்று நிற்கும் வரிகளுக்கு நம் அலமாரியிலுள்ள நூல்களிலிருந்து பக்க எண்ணோடு ஆதாரம் சேர்த்துவருகிறார் உதவியாளர். நூலகத்தில் இருப்பவர்களால் மட்டுமே எளிதாகச் செய்யக்கூடிய வேலை இது. என்னைக் கேட்டால், எல்லாப் பதிவுகளையும்விட இதற்கே ஆயுள் அதிகம்.

குறை ஒன்று உண்டு, அதை மறைப்பதற்கில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது. நம் வாசகர்களின் நேரம் மிச்சமாகியிருக்கிறது. உதவியாளர் தம் இரவு நேரத்தைக் கொடுத்ததால்தான் அது முடிந்தது. பதிவு எழுதுவதும் பதில் சொல்வதும் அவருடைய சொந்தப் பேசியில், பணி நேரம் முடிந்த பிறகு நடந்துவருகின்றன. இலவசக் கருவி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதன் செலவு அவர் தலையில் விழுகிறது. அவர் நாளைக்கு வேறு நூலகத்துக்கு மாற்றலாகிப் போனால் கடவுச்சொற்களும் அவரோடு போய்விடும்.

எனவே பின்வரும் தீர்மானத்தை அவையின் முன் வைக்கிறேன். நூலகத்தின் எல்லா இணையக் கணக்குகளும் நூலகத்தின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு மாற்றப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு ஊழியர்கள் பொறுப்பாளர்களாக இருக்க வேண்டும். இந்த வேலை பணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டு, பணிப் பட்டியலில் எழுதப்பட வேண்டும். இதை நூலக நிர்வாகத்திடம் எழுத்து வடிவில் கோர வட்டத்துக்கு அனுமதி தேவை. முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களை அழைக்கிறேன்.

செயலாளர்
வாசகர் வட்டம்