மோட்டார் சாரம் வாடகைக்கு விடும் அண்ணன்மார்களுக்கு

சேலத்தில் சாரம் வாடகைக்கு விடும் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

நான் அம்மாபேட்டையில் இருக்கும் பெயிண்டர். சவுக்குக் கம்பத்தில் கயிறு கட்டி ஏறிய காலத்திலிருந்து இதே வேலைதான். இப்போது மோட்டார் வைத்த சக்கரச் சாரம் வந்துவிட்டது. மேலே நின்றபடி பட்டனை அழுத்தினால் நகர்கிறது. முழங்கால் வலிக்காரனுக்கு அதன் அருமை தெரியும். அதை வாடகைக்கு விடாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை.

போன ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தேன். ஒயர் பதிக்க வெட்டிய பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. ஆழம் மூன்று விரல்கூட இருக்காது. மேலே இருந்த எனக்கு மண்டபமே சரிந்த மாதிரி இருந்தது. ஜன்னல் கம்பி கைக்கு எட்டியது. பெயிண்ட் வாளி மட்டும் கீழே போனது. அப்புறம்தான் பார்த்தேன், பக்கவாட்டில் ஊன்றும் தாங்குகால்கள் சாரத்தோடு வரவே இல்லை. கேட்டால், "அதற்குத் தனி வாடகை, மேஸ்திரி வேண்டாம் என்றுவிட்டார்" என்று பதில்.

ஆள் மேலே இருக்கும்போது சாரத்தை நகர்த்துவதற்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா விதிகள் வைத்திருக்கிறது. தரை மூன்று டிகிரிக்கு மேல் சாயக்கூடாது, அதாவது ஒரு மீட்டருக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர். பள்ளம், தடை எதுவும் இருக்கக்கூடாது. உயரம் பொதுவாகச் சாரத்தின் அடிப்பாக அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குள். ஐந்தடி அகலம் என்றால் பத்தடிதான். தாங்குகால் வைத்தால் இரு பக்கமும் வைக்க வேண்டும். மோட்டாரின் விசை நேராகச் சக்கரத்துக்குப் போக வேண்டும், வேகம் விநாடிக்கு ஓரடியைத் தாண்டக்கூடாது. சக்கரத்துக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆள் நிற்கக்கூடாது. நாங்களோ எட்டாத மூலைக்காக அங்கேதான் போய் நிற்கிறோம்.

அமெரிக்க விதி இங்கே செல்லாது, சரி. நம் ஊரில் 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமும் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேர், நான்கு பேர். எங்களைப் பார்க்க எந்த அதிகாரி வரப்போகிறார்? சாரம் எங்கள் கைக்கு வருமுன் கடைசியாக அதைப் பார்ப்பவர் நீங்கள்தான்.

ஆகவே தாங்குகாலுக்குத் தனி வாடகை போடாதீர்கள்; சாரத்தின் வாடகையிலேயே சேர்த்துவிடுங்கள், கூடுதலாக வந்தாலும் பரவாயில்லை. ஆளோடு நகர்த்தலாம் என்ற உயரம் வரை கம்பியில் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் (பெயிண்ட் நான் தருகிறேன்). ஏற்காட்டுக்கு வண்டியில் ஏற்றுவதற்கு முன் தரை எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே கார் நிறுத்தும் இடமே சாய்வாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் கன்னங்குறிச்சியில் சீலிங் வேலை இருக்கிறது. சாரம் எடுக்க வருவேன். கால்களையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டைப் பெயிண்டர் ஒருவர்