செயலாளரின் ஆண்டறிக்கை – 2020

தலைவருக்கும் திருநங்கைகள், திருநம்பிகளான எங்கள் சங்கத்து அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

ஜனவரி, பெப்ரவரி மாத வேலைகள் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவற்றை மறுபடி வாசிக்கவில்லை. ஆண்டின் மிச்சம் முழுவதும் கொரோனாவோடுதான் போனது.

மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அரியாலைத் தேவாலய ஆராதனையில் தொடங்கிய தொற்றால் யாழ்ப்பாணம் அபாய மாவட்டமாகி, மற்ற இடங்களில் தளர்த்தியபோதும் பூட்டியே கிடந்தது. எங்களில் மாதச் சம்பளக்காரர் குறைவு. மணப்பெண் அலங்காரம், கலியாண வீட்டுச் சமையல், தையல் என்று அன்றன்றைக்கு உழைப்பவர்களே அதிகம். வைகாசி, ஆனி முகூர்த்தங்களை நம்பி நகையை அடைவு வைத்து மேக்கப் சாமான் வாங்கியவர்களும் இருந்தார்கள். நல்லூர்த் திருவிழாவும் கட்டுப்பாடுகளோடுதான் நடந்தது. பாலியல் தொழிலில் இருந்தவர்களை இந்த அறிக்கையில் மறைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு உழைப்பு ஒரே நாளில் நின்றது. தெருவில் நின்றால் பிடிக்க 1841 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது, அதற்கு மேல் ஊரடங்கு வேறு.

அரசு கொடுத்த 5,000 ரூபா குடும்பக் கணக்கில் வந்தது. வாடகை அறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் பெயர் இன்னும் தகப்பன் வீட்டுக் குடும்ப அட்டையில்தான் இருக்கிறது. பணம் அங்கே போனது. அடித்துத் துரத்திய வீட்டில் போய் யார் பங்கு கேட்பது? தனியாகப் பதியக் கேட்டபோது ஒரு கிராம சேவகர் "கலியாணம் கட்டினதும் வாங்கோ" என்றார். இன்னொருவர் தானே வந்து பெயர் எழுதிப் போனார், அவருக்கு நன்றி.

அடையாள அட்டையும் சும்மா விடவில்லை. பெண் என்றால் அட்டை இலக்கத்தில், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்ற எண்ணோடு 500 கூட்டியிருக்கும். படத்தைப் பார்க்காமலே எங்களைக் கண்டுபிடித்துவிடலாம். சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டப் பயந்து மருந்துக்குக்கூடப் போகாதவர்கள் உண்டு. பதிவுகளில் பாலினத்தை மாற்ற உதவும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் 2016 இலிருந்து கிடைக்கிறது, சரி. ஆனால் அதற்கு மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும், ஊரடங்கில் கிளினிக்குக்குப் போக வழியிருக்கவில்லை. ஹோர்மோன் மாத்திரை இடையில் நின்றவர்கள் உடம்பாலும் மனதாலும் நொந்து போனார்கள்.

வாடகை கட்ட முடியாமல் வீடு திரும்பியவர்களின் கதை வேறு. முதல் நாளே தலைமயிரை வெட்டச் சொன்னார்கள், சாரமும் சேட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். பெண்ணென்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு எழுந்தது. எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கிணற்றடியில் நின்று வைபரில் குசுகுசுத்தார்கள். நடுச்சாமத்தில் அந்த அழைப்புகளை எடுத்த அக்காமாரின் ரீலோட் காசைப் பொருளாளர் இன்னும் கொடுக்கவில்லை என்பதையும் பதிந்துகொள்கிறேன்.

கனடா, லண்டன் உறவுகளின் பணத்தில் அரிசி, மா, பருப்பு கொடுத்தோம். கணக்கு பொருளாளரின் அறிக்கையில் வரும். பொதியோடு ஆட்களை நிறுத்திப் படம் அனுப்பச் சொன்ன ஒருவரின் உதவியை மறுத்தோம். அதில் சிலருக்குக் கோபம். மறுத்தது சரி என்பதே என் எண்ணம்.

வரும் ஆண்டில் பொதி கொடுப்பதைவிடப் பதிவு வேலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். வாடகைக்கு இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் தனி அட்டையில் வர, பிரதேச செயலகத்துக்குக் கூட்டாகப் போக வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கையை உயர்த்தவும்.

செயலாளர்