குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்த வெயிலிலும் நடந்து வந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், அண்ணன் தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழு கூடிய நாட்களும் வந்தவர்கள் பெயரும் குறிப்பேட்டில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். நகர்மன்றத்தோடு இந்த ஆண்டு நமக்கு நடந்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, டெண்டர் போய், ஜல்லி வந்து இறங்கிய பிறகு மனுவோடு ஓடுவது இனி வேண்டாம். தீர்மானம் மன்றத்துக்கு வரும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும் என்று.

அதன்படி அனுமதி கேட்டு, ஒவ்வொரு மன்றக் கூட்டத்துக்கும் இரண்டு பேர் போய் உட்கார்ந்தோம். முதல் இரண்டு கூட்டத்திலும் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று ஒவ்வொரு பொருளாக வாசித்துக்கொண்டே போகிறார்கள். நம் தெரு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. அப்புறம் நம் வார்டு கவுன்சிலர் அம்மாவிடம் சொல்லி, கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரலை வாங்கிப் படித்துவிட்டுப் போனோம். மூன்றாவது கூட்டத்தில்தான் மேலத்தெருச் சாலைப் பணி இருந்தது.

அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் சிறு வயதில் எங்கள் வீட்டு முகப்புக்கு ஏற ஐந்து படி. இப்போது மூன்றுதான் தெரிகிறது. மீதி இரண்டும் தார்ச்சாலைக்கு அடியில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் வந்த வினை இது. நம் முன்னோர் வீட்டுத் தளத்தை உயர்த்தி, தெருவைச் சரிவாக அமைத்தது காரணத்தோடுதான். ஓட்டில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கி, அங்கிருந்து தெரு வடிகாலுக்குப் போய், வரத்துக்கால் என்கிற நீர்வரத்துக் கால்வாய் வழியாக ஊருணிக் குளத்தில் சேர வேண்டும். தெரு உயர்ந்தால் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். போன ஐப்பசியில் மூன்றாம் வீட்டு ஆச்சி வீட்டுக் கூடமான பட்டாலையில் நின்ற தண்ணீரை இரவெல்லாம் வாளியால் இறைத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மன்றத்துக்கு வந்த மதிப்பீட்டில் பழைய சாலையைச் சுரண்டி எடுக்கும் வேலை சேர்ந்திருக்கிறதா என்று வாய்வழியாகக் கேட்டோம். தெளிவான பதில் வரவில்லை. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மதிப்பீட்டின் நகல் கேட்டோம். முப்பது நாளுக்குள் வந்தது; அதில் அந்த வேலை இல்லை. 2021 மே மாதமே, அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவுக்குத்தான் புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் எழுதியிருக்கிறார். அதைக் காட்டிக் கடிதம் கொடுத்தோம். நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதையும் சேர்த்து எழுதினோம்.

கவுன்சிலர் அம்மா மன்றத்தில் எழுந்து பேசினார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது. உதவிப் பொறியாளர் நேரில் வந்து, நாங்கள் சொன்ன இடத்தில் எல்லாம் குனிந்து பார்த்தார். அவருக்கு இந்தச் சபையின் சார்பில் நன்றி. திருத்திய மதிப்பீடு வர இரண்டு மாதம் ஆனது. வருகிற சாலையையும் சங்கம் கெடுத்துவிட்டது என்று நம்மிலேயே சிலர் வருத்தப்பட்டீர்கள். அந்த வருத்தம் நியாயமானது. பள்ளத்தில் வண்டி ஓட்டியவர்கள் நீங்கள்தான். ஆனாலும் ஒத்திவைக்கச் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். தை மாதம் இயந்திரம் வைத்துச் சுரண்டி, பிறகுதான் சாலை போட்டார்கள். நாங்கள் முன்னும் பின்னும் டேப் பிடித்து அளந்தோம். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு தவிர, மட்டம் உயரவில்லை. அந்தத் துண்டுக்கு நினைவூட்டல் கொடுத்திருக்கிறோம்.

வரத்துக்காலில் இந்த ஆண்டு நாம் ஜெயிக்கவில்லை. வார்டு மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தொடங்கியது. நம் வார்டில் இந்த ஆண்டு நடந்த கூட்டத்துக்குச் சங்கத்திலிருந்து திரளாகப் போய், ஊருணிக்குப் போகும் பாலத்துக் குழாய் கால்வாயின் அடிமட்டத்தைவிட மேலே பதிக்கப்பட்டிருப்பதைச் சொன்னோம். தண்ணீர் குழாய் வாய்க்கு ஏறுவதற்குள் தெருவில் நிறைந்துவிடுகிறது. கோரிக்கை பதிவானது. நிதி வந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. பிறகு இரண்டு முறை எழுதியும் அதே பதில்தான். ஊருணி நிறைந்தால்தான் நம் கிணறுகளில் தண்ணீர் ஊறும். வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கினார்கள். நம் ஊருக்கு ஊருணிதான் அந்தச் சேமிப்பு. குழாயை இறக்கிப் பதிக்கிற வேலையை மன்றம்தான் செய்ய வேண்டும். ஆனால் கால்வாயில் கிடக்கும் பழைய மெத்தையும் கட்டட இடிபாடும் மன்றம் போட்டது இல்லை. அது நம் தெருக்களிலிருந்து போனது. இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சொத்து வரி பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். 2022இல் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. நம் பெரிய வீடுகள் எல்லாமே கடைசி வகைதான். உள்ளே இருப்பது வயதான இரண்டு பேர். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ரசீது இன்னும் பாட்டையா பெயரில் வருகிறது. அளவை மட்டும் பார்த்து வரி போடுவது நம் ஊருக்குப் பொருந்தவில்லை என்று மன்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். விகிதத்தைக் குறைப்பது அரசு கையில் இருப்பதால், மன்றம் தீர்மானம் போட்டு மேலே அனுப்ப வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதுவரை, அரையாண்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய் வரை. தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. கட்டுவதற்குத் துணை தேவைப்படுகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன்.

குப்பை வண்டி ஒழுங்காக வருகிறது. தெருவிளக்குப் புகார்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. தெற்குச் சந்தில் மட்டும் ஒன்று பாக்கி.

அடுத்து வரத்துக்கால். புரட்டாசி பிறப்பதற்குள் நம் பங்குக்குக் கால்வாயை நாமே சுத்தம் செய்துவிடலாம் என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. குழாய்க்கான மனு மேசை மேல் இருக்கிறது. கதவிலக்கத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வரும் மன்றக் கூட்டத்தில் கவுன்சிலர் அம்மா அதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூட வர இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்