கேரியர் இல்லாத சைக்கிளை ஏன் விற்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். நோட்டுகளைக் குறைக்க வேண்டும், புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வர வழி செய்ய வேண்டும் என்று பலரும் எழுதியிருந்தார்கள். சரி. 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கையும், பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்கு மூன்றரை கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை. ஆனால் சைக்கிளில் போகிற பிள்ளை அந்தப் பையை எதற்கு முதுகில் சுமந்துகொண்டு போக வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே! நான் கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

காலையில் பள்ளி நேரத்துக்கு எங்கள் கடை வாசலில் நின்று பாருங்கள். இனாம் மணியாச்சி, நாலாட்டின்புத்தூர் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். புத்தகப் பை முதுகில் தொங்கும். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும் ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருக்கும். ஏறி மிதிக்கும்போது முதுகுப் பை ஒரு பக்கமாகச் சரியும், உடனே பிள்ளையும் அந்தப் பக்கம் சாயும். ஹேண்டில்பாரில் மாட்டிய பை முழங்காலில் இடிக்கும்; வளைவில் திருப்பினால் முன் சக்கரத்துக்குள் போகப் பார்க்கும். பை வார் கம்பியில் சுற்றி முன் சக்கரம் அப்படியே நின்று, பிள்ளை ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்த வண்டிகள் எங்கள் கடைக்கு வந்திருக்கின்றன. அந்த வண்டிகளில் பெரும்பாலும் கேரியர் இருந்ததில்லை.

கேரியர் எப்படிக் காணாமல் போனது என்று கேட்டால், ஒரு பாதி பிள்ளைகள் செய்தது. புது சைக்கிள் வாங்கிய சூட்டோடு வந்து, "அண்ணாச்சி, இந்தக் கேரியரையும் மட்கார்டையும் கழத்திருங்க, பால்காரர் வண்டி மாதிரி இருக்கு" என்பான். அப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். மட்கார்டைக் கழற்றுவதையாவது புரிந்துகொள்ளலாம். எங்கள் ஊர்க் கரிசல் மண் மழைக்குப் பிறகு டயரோடு ஏறி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது, குச்சி வைத்துத்தான் நோண்டியெடுக்க வேண்டும். கேரியர் அப்படி என்ன பாவம் செய்தது?

மறு பாதி, கம்பெனிகள் செய்தது. கியர் வைத்தது, ஷாக் வைத்தது, தடிமனான டயர் போட்டது என்று இப்போது வருகிற வண்டிகளில் முக்கால்வாசி கேரியர் இல்லாமலேயே வருகின்றன. சரி, அப்புறம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால் மாட்டுவதற்கு இடம் இருப்பதில்லை. இது வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பழைய கறுப்பு சைக்கிளில் கேரியரின் கால்கள் இரண்டு பக்கமும் இறங்கி வந்து பின் சக்கரத்து அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். மேலே சீட்டுக்குக் கீழே ஒரு கிளாம்பு. ஏற்றுகிற பாரம் நேராக அச்சுக்கு இறங்கிவிடும், வேறு எதையும் சிரமப்படுத்தாது. அந்தப் பின் சக்கரத்தில் நாற்பது கம்பி, முன் சக்கரத்தில் முப்பத்திரண்டு. பாரம் பின்னால்தான் என்று தெரிந்தே அப்படிக் கோத்திருந்தார்கள். அந்த வண்டியில்தான் இருபது லிட்டர் பால் கேனைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஊற்றும்போதுகூட இந்தக் கேனில் கொஞ்சம், அந்தக் கேனில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித்தான் ஊற்றுவார்கள். ஒரு பக்கம் மட்டும் காலியானால் வண்டி இழுக்கும். கடலைமிட்டாய் டின், தீப்பெட்டி பண்டல், கோலமாவு மூட்டை என்று எங்கள் ஊர் வியாபாரத்தில் பாதி கேரியரில்தான் நடந்தது.

புது வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பின் அச்சு உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, ஐந்து எம்எம் போல்ட் போகிற மரை போட்ட துளை இருக்கும். அப்படி இருந்தால் கவலை இல்லை, நல்ல கேரியராகப் பார்த்து மாட்டிவிடலாம். டிஸ்க் பிரேக் வண்டியென்றால் இடது பக்கம் பிரேக் சாமான் கேரியர் காலை மறிக்கும். நடுவில் புஷ் என்கிற சின்னக் குழாய்த் துண்டை வைத்துக் காலைத் தள்ளி மாட்டினால் தீர்ந்தது. இன்னொரு வகையில் துளையே இருக்காது. பின்னாலும் ஷாக் வைத்த வண்டி என்றால் துளை இருந்தும் பிரயோசனமில்லை. பின் சக்கரம் மேலும் கீழும் ஆடும், சீட்டுப் பக்கம் ஆடாது. இரண்டையும் ஒரே கேரியரால் கட்டினால் ஒன்று கேரியர் வளையும், இல்லாவிட்டால் போல்ட் தெறிக்கும்.

இப்படிப்பட்ட வண்டிக்கென்று ஒரு கேரியர் விற்கிறார்கள். சீட்டுத் தண்டில் மட்டும் கிளாம்பு போட்டு, கீழே கால் எதுவும் இல்லாமல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வெள்ளிபோல மின்னும். பாரம் முழுவதும் ஒரே கிளாம்பின் பிடியில் தொங்குகிறது. ஒரு குழியில் இறங்கி ஏறினால் இடது பக்கமோ வலது பக்கமோ திரும்பிக்கொள்ளும். தொடையில் பை இடிக்கிறதே என்று பிள்ளை பின்னால் திரும்பிப் பார்க்கும், அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு மினி பஸ் வரும். டிபன் பாக்ஸ், மழைக்கோட்டு வைக்க அது போதும். புத்தகப் பைக்கு ஆகாது. தம்பி தங்கையை உட்காரவைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கேரியர் இருக்கிற பிள்ளைகளும் பையை ஒழுங்காகக் கட்டுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேரியர் மேலே ஸ்பிரிங் கிளிப் இருக்கிறதே, அது செய்தித்தாளோ நோட்டோ பிடித்துக்கொள்ள வைத்தது. அதன் அடியில் புத்தகப் பையைத் திணித்தால் ஒரு மாதத்தில் ஸ்பிரிங் செத்துப்போகும். கட்டுவதற்குப் பழைய டியூப்பை விட நல்ல சாமான் கிடையாது. பஞ்சர் ஒட்டி ஒட்டி இனி தாங்காது என்று தூக்கிப்போடுகிற டியூப்பை நீளவாக்கில் விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முனையைக் கேரியரின் முன்பக்கக் கம்பியில் முடிந்து, பையின் மேலே நன்றாக இழுத்துப் பிடித்தபடியே குறுக்காகக் கொண்டுவந்து பின்கம்பியில் ஒரு சுற்று, மறுபடி குறுக்காக முன்னால். சணல் கயிறு கட்டினால் பை குலுங்கி அமர்ந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். ரப்பர் அப்படியில்லை, பை அமர அமரத் தானும் சுருங்கிப் பிடித்துக்கொண்டே வரும். கடைசியாகப் பையின் தோள் வார் இரண்டையும் அந்தக் கட்டுக்குள் செருகிவிட வேண்டும். வார் தொங்கினால் பின் சக்கரத்தில் சுற்றும். எங்கள் கடையில் டியூப் வார் சும்மாவே கொடுப்போம், வேண்டாம் என்று வெட்கப்பட்டுப் போகிற பிள்ளைகள்தான் அதிகம்.

இன்னொன்று, பையை எவ்வளவுக்கு எவ்வளவு சீட்டை ஒட்டி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கேரியரின் வால் பக்கம் பாரம் போனால் முன் சக்கரம் லேசாகிவிடும். மேடு ஏறும்போது ஹேண்டில்பார் கைக்கு அடங்காது. பாரம் ஏற்றுகிற வண்டிக்குப் பின் டயரில் காற்றும் சற்றுக் கூடுதலாக வேண்டும். கியர் வண்டியில் கூடுதலாக ஒரு தொல்லை: பின் சக்கரத்தில் பற்சக்கரம் இருக்கும் வலது பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக, அதிக இழுப்போடு நிற்கும். பாரம் தாங்காமல் முதலில் அறுவது அந்தப் பக்கம்தான். அதை மாற்ற அந்தப் பற்சக்கரத் தொகுதியை, அதாவது ஃப்ரீவீலையே கழற்ற வேண்டும். வண்டி பின்னால் ஆடுகிறது என்று தெரிந்தவுடனே கம்பிகளைச் சரிசெய்து சக்கரத்தின் கோட்டம் எடுத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம், செலவும் மிச்சம்.

இதெல்லாம் எங்கள் கடைகளில் தீர்கிற விஷயம். தீராத விஷயத்துக்குத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2020-இல் சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கு மத்திய அரசு ஒரு தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. இரவில் ஓட்டுகிறவரின் உயிருக்காக அதைச் செய்ய முடிந்தது. பிள்ளைகளுக்கென்று விற்கிற சைக்கிள்களில், கேரியரே தராவிட்டாலும், அதை மாட்டுவதற்கான துளைகளாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாதா? கம்பெனிக்கு இதில் ஆகிற செலவு டீக் காசுகூட இருக்காது. கேரியருக்கும் ஐஎஸ்ஓ 11243 என்று சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி செய்த கேரியரில் அதிகபட்சம் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதை அதன் மேலேயே அடித்திருக்க வேண்டும். இங்கே எனக்கு மொத்த வியாபாரத்தில் வருகிற கேரியர்களில் எடையும் இருப்பதில்லை, செய்தவர் பெயரும் இருப்பதில்லை. என் கை அனுபவத்தை வைத்துத்தான் இது தாங்கும், அது தாங்காது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தமிழக அரசு 2005-06-இலிருந்து பிளஸ் 1 பிள்ளைகளுக்குப் பரவலாகக் கொடுத்துவருகிற விலையில்லா சைக்கிள் கேரியரோடுதான் வருகிறது. அதைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதையும் கழற்றச் சொல்லி வருகிறார்கள். என்னடா என்று கேட்டால் சில பிள்ளைகள் அழகைச் சொல்வதில்லை, ஸ்டாண்டைச் சொல்கிறார்கள். பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் வண்டிகளை அவ்வளவு நெருக்கி நிறுத்துகிறார்களாம். ஒருவன் கேரியர் அடுத்தவன் சக்கரத்துக் கம்பிக்குள் மாட்டிக்கொள்கிறது, மாலையில் இழுத்துப் பறிக்கிறார்கள், கம்பி போகிறது. நியாயமான காரணம். வண்டிகளைச் சாய்வாக, ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி நிறுத்தும்படி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் சரியாகிவிடும்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. புது சைக்கிளில் நட்டுக்கு அடியில் இருக்கிற பெயிண்டு ஓட ஓட நசுங்கி இடம் கொடுக்கும், கேரியர் நட்டு தானாகத் தளர்ந்துவிடும். ஆகவே வண்டி கொடுத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து எல்லா வண்டியிலும் ஒருமுறை இறுக்க வேண்டும். ஸ்பேனரோடு நாங்களே பள்ளிக்கு வருகிறோம், காசு வேண்டாம். எங்கள் ஊரில் மற்ற கடைக்காரர்களிடமும் பேசிவிட்டேன், அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை என்றால் எங்களுக்கும் வசதி.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
கோவில்பட்டி.