முதலில் அழைக்க வேண்டியவரை அழையுங்கள்: மதத் தலைவர்களுக்கும் சிவில் சமூகத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மகாநாயக்க தேரர்களுக்கும், ஆயர்களுக்கும், சிவாச்சாரியார்களுக்கும், மௌலவிமாருக்கும், சட்டத்தரணிகள், தொழிற்சங்கங்கள், சிவில் அமைப்புகளின் தலைவர்களுக்கும் வணக்கம்.

அமைதி காக்கும்படியும் எதையும் பேசித் தீர்க்கும்படியும் நீங்கள் விடுத்துவரும் அறிக்கைகளை இந்த நான்கு மாதங்களாக வாசித்து வருகிறேன். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டுக்கு அருகே மக்கள் போராட்டம் தொடங்கியது முதல் இன்றுவரை நடந்தது எதையும் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஜூலை 22ஐப் பற்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று பிற்பகல் 2 மணிக்கு ஜனாதிபதி செயலக வளாகத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறுகிறோம் என்று போராட்டக்காரர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அப்படியிருந்தும் அந்த 2 மணி வரும் முன்பே, நள்ளிரவு தாண்டியதும் படையினரும் பொலிஸாரும் இறங்கினார்கள். கூடாரங்களைப் பிடுங்கினார்கள். ஊடகவியலாளர்களும் அடிபட்டார்கள். புதிய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பதவியேற்று ஒரு நாள்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை.

உங்களில் சிலர் இதை வெளிப்படையாகக் கண்டித்தீர்கள். சட்டத்தரணிகள் சங்கம் கண்டித்தது. அதற்கு நன்றி. ஆனால் எல்லாத் தரப்பும் நிதானமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுகோளே இன்னும் அதிகமாகக் காதில் விழுகிறது. போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தூங்கியவரையும் தடியோடு வந்து எழுப்பியவரையும் ஒரே வரியில் வைத்து நிதானம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. என் வேண்டுகோளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சுவார்த்தைக்கு முதலில் அழைக்க வேண்டியது அதிகாரத்தில் இருப்பவரை. அவரை அழையுங்கள், திகதி குறித்து அழையுங்கள், அந்தத் திகதியை நாடறியச் சொல்லுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையில் ஒரு சிறிய கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். எங்கள் வள்ளங்களின் இஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு நாள் தொழிலுக்குப் போய்வர 15 லீற்றராவது வேண்டும், தூரம் போனால் இன்னும் கூட. மண்ணெண்ணெயின் அரசு விலை இந்த 2022 ஜூலையில் லீற்றருக்கு 87 ரூபாய். அந்த விலையில் கிடைத்தால்தானே அது விலை. மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. அங்கே மூடினால் இங்கே அடுப்பும் விளக்கும் இஞ்சினும் ஒன்றாக நின்றுபோகின்றன. கேஸ் இல்லாத வீடுகளும் இப்போது மண்ணெண்ணெயைத்தான் தேடுகின்றன. அதனால் கான் பிடித்து நிற்கும் வரிசையில் கடலுக்குப் போகிறவரும் கஞ்சி வைக்கப் போகிறவரும் ஒருவருக்குப் பின் ஒருவராக நிற்கிறார்கள். வாகனங்களுக்கு எரிபொருளைப் பங்கிட இந்த மாதம் கியூஆர் முறை வருகிறது, நல்லது. வள்ளத்துக்கு என்ன வழி என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறார்கள்.

கொஞ்சமாக வருவதைப் பங்கிட வேண்டியவன் நான். யாருக்குக் கொடுப்பது, யாரை அடுத்த முறைக்கு நிறுத்தி வைப்பது என்று பெயர்ப்பட்டியல் எழுத வேண்டும். கூடப் பிறந்தவர்கள் இருவர் வெவ்வேறு வள்ளம் வைத்திருந்தால், ஒருவர் பெயரை எழுதி மற்றவர் பெயரை விடும்போது அந்த வீட்டில் நடக்கப்போவது எழுதுகிற எனக்குத் தெரியும். கணவனை இழந்து, கரைக்கு வரும் மீனை வாங்கிக் கருவாடு போட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை, ஏனென்றால் அவர்களிடம் இஞ்சின் இல்லை. ஆனால் வள்ளம் போகாவிட்டால் முதலில் உலை வைக்காத வீடுகள் அவர்களுடையவை. சிலர் இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்போடு போகிறார்கள். வலித்துப் போகும் தூரத்தில் மீன் இல்லை. இருட்டியபிறகு கரையில் நின்று பார்த்தால் தமிழக இழுவைப்படகுகளின் வெளிச்சம் தெரிகிறது. தமிழகத்தின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் நடுப்பகுதியில் முடிந்துவிட்டது. எங்கள் வலை காய்கிற நேரத்தில் கடலின் அடி வாரப்படுகிறது. 2017இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் போட்ட நாடு இது. இந்த ஜனவரியில் கடலில் இறந்த, வத்திராயனைச் சேர்ந்த இரு தொழிலாளரின் மரணத்துக்கு நீதி கேட்டுச் சுப்பர்மடத்தில் வீதியை மறித்து இருந்தோமே, அப்போதும் பேசித் தீர்க்கலாம் என்றுதான் சொல்லப்பட்டது. பேச வருபவரின் பெயரோ திகதியோ அந்தச் சொல்லோடு வரவில்லை.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் எரிபொருள் நிலையத்தில் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். பின்பக்கத்தால் பெரிய கான்களில் போகிறது என்று கதை பரவியது. கல் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பங்குத்தந்தையும் கோயில் தர்மகர்த்தாவும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எங்களைப் பார்த்து "அமைதி, அமைதி" என்று சொல்லவில்லை. நேரே உள்ளே போனார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுபட்டது, எவ்வளவு மிச்சம் என்று பொறுப்பாளரைக் கேட்டு, சங்கத்தின் பலகையை எடுத்து வரச்சொல்லி எல்லோர் முன்னாலும் எழுதவைத்தார்கள். அடுத்து எப்போது வரும் என்பதையும் அவரையே எழுதவைத்தார்கள். அந்த மிச்சம் பாதிப் பேருக்கும் காணாது. ஆனாலும் கல் கீழே விழுந்தது. கணக்கு வெளியே வந்ததும் கோபம் பேச்சாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன். முதலில் உள்ளே போய்க் கேட்டார்களே, அதைத்தான் நீங்கள் கொழும்பில் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

உங்களால் முடியாது என்று சொல்லாதீர்கள். 1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் தமிழர் பகுதிகளுக்கு அதிகாரம் பகிரும் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். 1958 ஏப்ரல் 9இல் பிக்குமார் பிரதமரின் வீட்டுக்கு முன்னால் போய் அமர்ந்தார்கள், அன்றே அது கைவிடப்பட்டது. 64 ஆண்டுகள் கழித்து அதே ஏப்ரல் 9இல், கோட்டாபய பதவி விலக வேண்டும் என்று காலிமுகத்திடலில் பிள்ளைகள் கூடினார்கள். பழைய புண்ணைக் கிளற இதை எழுதவில்லை. பேசி எட்டிய ஓர் உடன்பாட்டை ஒரு பகலில் இல்லாமல் ஆக்கும் பலம் மதத் தலைமைக்கு இருந்தது என்றால், பேச்சைக் கூட்டும் பலமும் அதே தலைமைக்கு இருக்கிறது. இந்த ஏப்ரலில் மகாநாயக்க தேரர்கள் சங்க ஆணை, அதாவது பிக்குமார் சபையின் கட்டளை, பற்றிப் பேசியபோது அரசியல்வாதிகள் காது கொடுத்ததை நாடே பார்த்தது. குருமாரும் கன்னியாஸ்திரிகளும் காலிமுகத்திடலுக்கு வந்தார்கள். நோன்பு திறக்கும் நிகழ்வும் அங்கே நடந்தது. மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவாக அந்தத் திடலிலேயே கஞ்சி வழங்கப்பட்டபோது பிக்குமாரும் நின்றார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எங்கள் வீட்டில் கன நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்படி நின்றவர்களை நம்பித்தான் இந்த மடலே எழுதுகிறேன்.

அவசரகாலச் சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை 27இல் பாராளுமன்றம் 120 வாக்குகளால் அதை அங்கீகரித்துவிட்டது. தெற்கில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அதற்குள்ளேயே பிறந்து, படித்து, கலியாணம் கட்டிய தலைமுறை இருக்கிறது. 2011 ஓகஸ்டில் அது நீங்கியபோதும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போகலாம் என்ற நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு அவரைப் பேச வா என்று அழைப்பது எப்படி? காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 முதல் வீதியோரத்தில் இருக்கும் தாய்மார், தடி எடுக்காமல், கல் எடுக்காமல், நீங்கள் கேட்கிற அந்த அமைதியோடுதான் இருக்கிறார்கள். பலர் பதில் தெரியாமலே கண் மூடிவிட்டார்கள். அமைதியாக இருப்பவரோடு யாரும் பேச வருவதில்லை என்ற பாடத்தை இந்த நாடு அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் பாடத்தை இப்போது சிங்களப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மே 9ஐயும் நான் மறக்கவில்லை. அன்று காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களை அரசின் ஆதரவாளர்கள் தாக்கியதும் வன்முறை, அதன் பிறகு நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் உயிரிழந்ததும் வீடுகள் எரிந்ததும் வன்முறை. எரித்தவரை நான் நியாயப்படுத்த மாட்டேன். வன்முறை வேண்டாம் என்ற உங்கள் சொல்லுக்கு நானும் ஆள். அதை ஆயுதமும் ஆணையும் வைத்திருப்பவரிடம் முதலில், இன்னும் உரக்கச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சர்வகட்சி அரசாங்கம் என்று இப்போது பேசப்படுகிறது. சரி, கட்சிகள் பேசட்டும். ஆனால் அமைச்சுகளைப் பங்கிடும் பேச்சை நாட்டின் பேச்சு என்று நீங்கள் ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது. நீங்கள் கூட்டும் மேசையில் கடற்றொழிலாளர் இருக்க வேண்டும், உரம் இல்லாமல் வயலை விட்ட விவசாயி இருக்க வேண்டும், கோதுமை மா விலை ஏறி ரொட்டியைக் குறைத்துக்கொண்ட தோட்டத் தொழிலாளி இருக்க வேண்டும், காலிமுகத்திடலில் அடிவாங்கிய பிள்ளைகள் இருக்க வேண்டும். அங்கே பேசப்படுவது சிங்களத்திலும் தமிழிலும் அன்றன்றைக்கே வெளிவர வேண்டும். அவசரகாலச் சட்டம் அதற்கு முன்னே விலக்கப்பட வேண்டும்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த அறிக்கையை எழுதும் முன் நீங்கள் எல்லோரும் ஒன்றாகப் போய் ஜனாதிபதியைச் சந்தியுங்கள். நாங்கள் கூட்டும் மேசைக்கு நீங்கள் முதலில் வாருங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் திகதியை நாட்டுக்கு அறிவியுங்கள். மறுத்தால், மறுத்தார் என்று அவர் பெயரைச் சொல்லியே அறிவியுங்கள். வடக்கிலிருந்து வரவேண்டியவர்களை அழைத்தால் பஸ்ஸுக்கு டீசல் இருக்கிறதோ இல்லையோ, நாங்கள் எப்படியாவது வந்து சேருவோம்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் ஒருவர்
வடமராட்சி, 2022 ஜூலை